இரண்டு மாடிக்கு ஒரு கோட்

பெரியவர்களுக்கு வைத்தியம் பார்த்தால் நோயாளி பொய் சொல்வார், பிள்ளைகளுக்குப் பார்த்தால் நோயாளி கடிப்பார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கு இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

எழுபதுகளின் நடுவில், சிட்னியில், பரமட்டாவுக்கு அங்கால் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அப்படியொரு பயிற்சி கிடைத்தது. மேல்மாடியில் பெரியவர்களின் வார்ட், கீழ்மாடியில் பிள்ளைகளின் வார்ட். காலையில் மேலே, மத்தியானத்துக்குப் பிறகு கீழே என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நோயாளிகளுக்கு அந்த ஒழுங்கை யாரும் சொல்லவில்லை. இது புதிய ஏற்பாடு, செய்து பார்ப்போம் என்றார்கள். செய்து பார்க்கப்பட்ட ஆள் நான் ஒருவன்தான்.

மேலே ஒரு பெரிய டொக்டர், கீழே ஒரு பெரிய டொக்டர். வேலை ஒரு வருடத்துக்கு மட்டும். வருட முடிவில் இருவரும் சரி என்றால் தொடரலாம். ஒருவர் மறுத்தாலும், அரைகுறையாகப் படித்த இரண்டு படிப்புகளோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். தோற்றுப்போய் வீட்டுக்கு வருவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு முன்னால் யாரும் போகவில்லை. ஆகவே அந்த வருடம் முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். இரண்டு மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கோலாக் கரடி

மற்ற டொக்டர்மாருக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளைக் கோட். எனக்கு ஒன்று. துணி அறைக்காரியிடம் கேட்டபோது, ஒரு வருடத்து ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு என்றாள். அந்த ஒரு கோட்டின் பைகளில் மேல்மாடிக்கு வேண்டியதும் கீழ்மாடிக்கு வேண்டியதும் ஒன்றாகக் கிடந்தன. முழங்காலைத் தட்டும் சுத்தியலை எடுக்கப் போனால் கிலுகிலுப்பை வரும். போதாததற்கு, பிள்ளைகளின் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் மொரீன் என் ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சின்னக் கோலாக் கரடிப் பொம்மையைக் கவ்வ வைத்துவிட்டார். பிள்ளைகள் அதைப் பார்த்தால் அழமாட்டார்களாம்.

ஒரு காலை அதைக் கழற்ற மறந்து மேலே போய்விட்டேன். மேல்மாடிப் பெரியவர், அதாவது அங்கத்தைய பெரிய டொக்டர், சிரிக்காத மனிதர். கட்டிலைச் சுற்றி எல்லாரும் நிற்கிறோம். கட்டிலில் லிட்கமில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளி, இதயம் பலவீனப்பட்டவர், வாரக்கணக்காகப் படுத்திருந்தார். குனிந்து அவருடைய நெஞ்சில் குழாயை வைக்கும்போதுதான் கரடி அவர் மூக்குக்கு நேரே ஆடியது. பெரியவரின் பார்வை என் கழுத்தில் நின்றது. கழற்றப் போன என் கையை நோயாளி பிடித்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும் டொக்டர். தினமும் வந்து என்னைச் சுற்றி நிற்கிற இந்தக் கூட்டத்தில் சிரித்த முகம் அது ஒன்றுதான்.”

வயிற்றின் சொந்தக்காரி

எங்கள் ஊரில் பிள்ளைக்கு வருத்தம் என்றால் டொக்டர் தாயைத்தான் கேட்பார். பிள்ளை நாக்கை மட்டும் நீட்டினால் போதும். நானும் அப்படியே வளர்ந்தவன், அப்படியே படித்தவன். வயிற்றுவலியோடு வந்த ஒரு சிறுமியின் தாயிடம் எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழ்மாடிப் பெரியவர் பின்னால் வந்து நின்றது தெரியாது. “வயிற்றின் சொந்தக்காரி இங்கே சும்மா இருக்கிறாளே, அவளைக் கேட்டால் என்ன?” என்றார். இவர் குரலை உயர்த்தாத மனிதர். மேலே இருப்பவர் முறைப்பார், இவர் மெதுவாகச் சொல்வார். எது கூடுதல் பயம் என்று கடைசி வரையில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

சரி என்று சிறுமியின் பக்கம் திரும்பி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே நோகிறது என்று கேட்டேன். அவள் வயிற்றைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் கரடியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பள்ளிக்கூடத்தில். வீட்டில் நோகாது.”

படிக்கட்டு

மேலே ரவுண்ட்ஸ் எட்டு மணிக்கு. கீழேயும் எட்டு மணிக்கு. காலையில் நீ மேலேதானே என்பீர்கள். கீழே யாருக்காவது காய்ச்சல் கூடினால் காலையும் கீழேதான். மேலே தேடினால் ‘கீழே இருப்பான்’ என்பார்கள், கீழே தேடினால் ‘மேலே இருப்பான்’ என்பார்கள். நான் எங்கேயும் இல்லாமல் ஊர் சுற்றுகிறேன் என்று இருவருமே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

என்னோடு ஒரே விடுதியில் இருந்தவன் மதுரைக்காரன் முத்துராமன். சத்திரசிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு பெரியவருக்குக் கீழே நிம்மதியாக வேலை செய்தவன். விடுதிக் குசினியில் முட்டை பொரித்துக்கொண்டே என் கதையைக் கேட்டுவிட்டு, “நீ ரெண்டு வீட்டு மாப்பிள்ளைடா. அந்த வீட்ல சாப்ட்டிருப்பான்னு இவங்க நெனப்பாங்க, இந்த வீட்ல சாப்ட்டிருப்பான்னு அவங்க நெனப்பாங்க. நீ பட்டினி,” என்றான். பொரித்த முட்டையில் பாதியையாவது தருவான் என்று பார்த்தேன். தரவில்லை.

ஒருநாள் இரண்டு மாடிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு. படிக்கட்டின் நடுவில் சுவரில் ஒரு டெலிபோன் இருந்தது. எடுத்தேன். முகம் பார்த்திராத ஆஸ்பத்திரி ஒப்பரேட்டர் அம்மா பேசினார். நீங்கள் இப்போது எங்கே என்று கேட்டார். படிக்கட்டில் என்றேன், எந்தப் பக்கம் போவது என்றும் கேட்டேன்.

“அங்கேயே நில்லுங்கள், செல்லம். இந்தக் கட்டடத்தில் யாரும் உங்களை ஏசாத இடம் அது ஒன்றுதான்.”

கறுப்புப் பொட்டு

வருட முடிவு நெருங்கும்போது இது நடந்தது. பிளாக்டவுனிலிருந்து வயிற்றோட்டத்தோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, கண் உள்ளே போயிருந்தது. சேலைன் ஏற்றி, கூடவே நின்று பார்த்தேன். சில நாட்களில் நன்றாகத் தேறிவிட்டது. கன்னம் வைத்து, காலை உதைத்து, என் கரடியைப் பிடுங்கும் அளவுக்கு. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஆனால் தினமும் சோதித்து முடித்ததும் தாயிடம் “பரவாயில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவேன். தாயின் முகத்துக்கு நேரே பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்களா? நாவூறு பட்டுவிடும். டொக்டர் படிப்பு படித்தும் அந்த வார்த்தை என் வாயில் வராது.

அந்தத் தாய்க்கு இது எப்படித் தெரியும்? தாதிமார், கூட்டுகிற பெண், தேநீர் வண்டி தள்ளுகிறவர், எல்லாரும் என்ன அழகு, என்ன அழகு என்கிறார்கள். டொக்டர் ஒருவன் மட்டும் குழந்தையை உற்றுப் பார்க்கிறான், ஒன்றும் சொல்லாமல் போகிறான். ஏதோ பெரிய வருத்தத்தை மறைக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கணவனை வேலையிலிருந்து கூப்பிட்டு இருவருமாக அழுதிருக்கிறார்கள். கீழ்மாடிப் பெரியவர் என்னை அழைத்தார்.

“குழந்தையில் என்ன கண்டாய்?”

“ஒன்றும் இல்லை. நல்ல சுகம்.”

“அதை ஏன் தாயிடம் சொல்லவில்லை?”

நாவூறை ஆங்கிலத்தில் விளக்குவது எப்படி என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. திக்கித் திணறிச் சொன்னேன். என் வேலை அன்றோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “போய் அவளிடமும் இதைச் சொல்,” என்றார்.

போனேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அப்படிப் புகழ வேண்டி வந்தால் கண் படாமல் இருக்கப் பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு ஒன்று வைப்போம் என்பதையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். புருவத்துக்குத் தீட்டுகிற பென்சிலை எடுத்தாள். குழந்தையின் கன்னத்தில் கவனமாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வைத்தாயிற்று. இப்போது சொல்லுங்கள்.”

மோசமில்லை

பெரியவர்கள் இருவரும் என்னைப் பற்றி முடிவெடுக்கக் கூடிய நாளில் நான் வழக்கமான இடத்தில், படிக்கட்டில் நின்றேன். கதவு திறந்தது. கீழ்மாடிப் பெரியவர் எனக்குத் தலையசைத்துவிட்டுக் கீழே இறங்கினார். மேல்மாடிப் பெரியவர் என்னைக் கடக்கும்போது நின்றார். “மோசமில்லை,” என்றார். மேலே ஏறிப் போய்விட்டார்.

மோசமில்லை என்றால் என்ன? ஒரு வருடம் ஓடி ஓடி உழைத்தவனைப் பற்றிச் சொல்ல வேறு வார்த்தை இல்லையா? நன்றாகச் செய்தாய் என்று சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது, அதைத்தான் மறைக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அன்று சோற்று நேரத்தில் முத்துராமனிடம் சொன்னேன். “பெட்டி கட்றதுக்குக் கயிறு இருக்கா?” என்று கேட்டான். அவன் கேலிதான் செய்தான். நான் கயிறு இருக்கிறதா என்று யோசித்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைகளின் வார்டில் என் முகத்தைப் பார்த்த சிஸ்டர் மொரீன் என்ன நடந்தது என்று கேட்டார். மேல்மாடிப் பெரியவர் ‘மோசமில்லை’ என்று மட்டும் சொன்னார், வேலை போய்விட்டது போலிருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த பால் போத்தலை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிளாக்டவுன் தாயை நான் எப்படி அழ வைத்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

“சிவா, அந்த மனிதர் வாயால் அதற்கு மேல் புகழ்ச்சி வந்து நான் கேட்டதே இல்லை. போய்த் துணி அறையில் அளவு கொடு, உனக்கு இரண்டாவது கோட் தைக்கச் சொல்லி வந்திருக்கிறது.”

அதன் பிறகு என்னிடம் மேல்மாடிக்கு ஒன்றும் கீழ்மாடிக்கு ஒன்றுமாக இரண்டு கோட்டுகள் இருந்தன. தேவைப்படும் சாமான் மட்டும் எப்போதும் மற்றக் கோட்டில் இருந்தது.