பாம்டாப்பில் ஏறாத சிறுவாடு

ஞானசேகரன் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தபோது தங்கை இளமதிக்கு ஒரு புடவையும், அவள் வீட்டுக்காரன் கொளஞ்சிக்கு ஒரு பாம்டாப்பும் கொண்டுவந்தான். புடவை நல்ல புடவைதான். ஆனால் இளமதி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே புருஷன் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கம்ப்யூட்டர். கூடவே ஒரு குச்சி. அந்தக் குச்சியால் கண்ணாடிமேல் எழுதினால் எழுத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"மாப்ள, இதுல வீட்டுச் செலவுக் கணக்கெல்லாம் வச்சிக்கலாம்" என்றான் ஞானசேகரன். "அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. நெட்லேர்ந்து எறக்கி ஒரு மாசம் சும்மா ஓட்டிப் பாக்கலாம். அப்புறம் வேணும்னா காசு கட்டணும், டாலர்ல. எது நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, நான் அங்கேர்ந்து என் கார்டுல கட்டிடறேன். ஒண்ணுதான். மூணு நாலுன்னு கேக்கக் கூடாது."

"எனக்கு என்னா மச்சான் தெரியும் இதப்பத்தி" என்றான் கொளஞ்சி. "கம்ப்யூட்டர் படிச்சவ உங்க தங்கச்சி. அவ எதச் சொல்றாளோ அதான்."

இளமதிக்குக் காது சூடாகிவிட்டது. சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பும் நெல்லும் போட்டு வந்த அவர்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். அண்ணன் சிங்கப்பூரில் வெல்டிங் அடித்து அனுப்பிய பணத்தில் படித்த பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகு அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அதை நம்பி இதுவரை யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு டி.வி. ரிமோட் வேலை செய்யாதபோது மட்டும் கேட்டார்கள். இப்போது ஒரு முடிவே அவளுடையது என்கிறார்கள்.

மறுநாள் மதியமே வடக்கு வீதியில் இருந்த சபேசனின் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டாள். சபேசன் கல்லூரியில் அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவன்.

"எக்கா, இங்க ரிசல்ட் பாக்க வருவாங்க, ஜாதகம் பாக்க வருவாங்க. செலவுக் கணக்கு எறக்கணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

"இறக்கிக் குடுடா. பேசாத."

"வைரஸ் வந்தா யாரு பொறுப்பு?"

"நான்தான்."

அவள் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். பாம்டாப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்ததும் அது உரிமையாளர் பெயர் கேட்டது. கொளஞ்சி என்று ஆங்கிலத்தில் தட்டினாள். பிறகு ஒரு பெரும் பட்டியலைப் படித்து, கழித்து, கடைசியில் மூன்றை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கல்லூரி கடைசித் தேர்வன்று இப்படித்தான் தலை நிறைந்து, கால் தரையில் பாவாமல் நடந்தாள்.

"மூணுலயும் ஒரே செலவத்தான் போடணும் மாமா" என்றாள் அன்று இரவு. "அப்பதான் எது ஒசத்தின்னு தெரியும்."

கொளஞ்சிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் லேப் வேலை அவனுக்கு. "அதாண்டி முறை. ஒரே சாம்பிள், மூணு டெஸ்ட்" என்றான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் லுங்கிக்கு மாறி, காப்பியைக் குடித்துவிட்டு, குச்சியோடு உட்கார்ந்துவிடுவான். "சொல்லு" என்பான். அவள் சொல்வாள். அவன் போடுவான். அவன் போடுகிற வேகத்துக்கு மூன்றிலும் ஏற்றி முடிக்கச் சோறு ஆறிவிடும்.

முதல் மென்பொருள் ரொம்ப சாது. செலவை எழுதினால் கூட்டிச் சொல்லும், அவ்வளவுதான். இரண்டாவது எந்த ஊரிலோ எந்தப் பணக்காரருக்கோ செய்தது. நாய்ச் சாப்பாடு, புல்வெளி, படகு என்று தலைப்புகள் வைத்திருந்தது. அவற்றை மாற்றவும் முடியாது, அழிக்கவும் முடியாது. "பிச்சாவரத்துல படகு ஏறுனமே, அதப் போடு" என்று கொளஞ்சி ஒருநாள் சந்தோஷமாகப் போட்டான். அரிசிக்கு இடமே இல்லை.

மூன்றாவதைத் திறந்தபோதே இளமதிக்குத் தெரிந்துவிட்டது. தலைப்புகளை நாமே வைத்துக்கொள்ளலாம். இந்த மாசம் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டலாம். ஒரு மூலையில் வட்டம் போட்ட சின்னப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் மொத்தச் செலவும் வண்ண வண்ணத் துண்டுகளாகப் பிரிந்து ஒரு தோசை மாதிரி விரியும். எது எவ்வளவு தின்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். யாரோ ஒருவர் இதை யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார். அவரைப் போல் தானும் ஒன்றைச் செய்ய முடியுமா என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்த வட்டத்தைத்தான் அவள் கொளஞ்சியிடம் காட்டவில்லை.

காரணம், பரண்மேல் இருந்த இட்லிக் குண்டான். கல்யாணச் சீரில் வந்து ஒருநாளும் இறங்காத அந்தக் குண்டானுக்குள் அவளுடைய சிறுவாடு இருந்தது. வீட்டுச் செலவுக்கு வாங்குகிற காசில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி ஒளித்துவைப்பது எல்லா வீட்டிலும் பெண்கள் செய்கிறதுதான். அவள் அம்மாவும் செய்தாள். தக்காளி எட்டு ரூபாய் என்றால் பதினொன்று என்பது. கத்திரிக்காய் அரைக் கிலோ வாங்கி முக்கால் என்பது. ஆனால் மற்றவர்கள் காதுக்கும் கழுத்துக்கும் சேர்த்தார்கள். இளமதி எம்.சி.ஏ.வுக்குச் சேர்த்தாள். அதே ஊரில் இருக்கிற பல்கலைக்கழகம், தொலைதூரக் கல்வி. முதல் வருஷக் கட்டணம் கிட்டத்தட்டத் தேறிவிட்டது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்டால் கொளஞ்சி வேண்டாம் என்று சொல்லமாட்டான். அதுதான் சங்கடம். டிகிரி கடைசி வருஷத்தில் அவளுக்கு ஒரு பேப்பர் போய், மறுபடி எழுதித்தான் தேறினாள். அவன் சம்பளத்தில் சேர்ந்து, இதிலும் போய்விட்டால்? தன் காசு என்றால் தோல்வியும் தன்னோடு முடியும். இதை யோசிக்கும்போதே இன்னொன்றும் தோன்றும். இது தன் காசுதானா? அவனை உட்காரவைத்துப் பொய் விலை சொல்லிச் சேர்த்தது யாருடைய காசு?

ஒருநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, மூன்றாவது மென்பொருளில் தனியாக ஒரு கணக்குத் திறந்து அந்த வாரத்து உண்மை விலைகளைப் போட்டுப் பார்த்தாள். குண்டானில் போட்டதை எந்தத் தலைப்பில் போடுவது? செலவில் போட்டால் அது செலவில்லை. வரவில் போட்டால் வரவும் இல்லை. தேடினாள். 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒன்று இருந்தது. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பைக்கு மாற்றுவது. வீடு என்று ஒரு பை, மதி என்று ஒரு பை. போட்டதும் வட்டம் விரிந்தது. காய்கறித் துண்டு சுருங்கிச் சாதுவாக ஒரு பக்கம் நின்றது. எல்லாக் கூட்டலும் சரியாக வந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனசே இல்லாமல் அழித்தாள்.

முதலாவதையே எடுக்கச் சொல்லிவிடலாம். வட்டம் கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படிப்பை நம்பி ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் போய் மட்டமானதை நல்லது என்று சொல்வதா?

ஞானசேகரன் சிங்கப்பூர் திரும்பிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதாகவும் அதற்குள் முடிவு சொல்லச் சொல்லியும் செய்தி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து கொளஞ்சியின் குரல் வந்தது.

"மதி, இங்க வா. இந்த மூணாவதுல ஒரு பட்டன் இருக்குது, நீ பாக்கவே இல்ல போலருக்கு."

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். வட்டம் விரிந்திருந்தது.

"இது வாடகை. இது காய்கறி. ரெண்டும் ஒரே அளவு. நாம என்னா யானையா வளக்குறோம்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"மாரியம்மா கிட்டதான வாங்குற?"

"ஆமா மாமா."

"அது எடையில கை வைக்குது. இல்லன்னா வெலையில. ரெண்டுல ஒண்ணு." அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். "இப்பவே போயி நாலு பேரு எதிர்க்க கேக்குறன். ஒரு மாசத்துக் கணக்கு கையில இருக்குது."

மாரியம்மாள் கடைத்தெருவில் சாக்கு விரித்துக் காய் விற்கிறவள். தராசுத் தட்டு தரையைத் தொடும்வரை காயைப் போடுவாள். மேலே ஒரு கொத்துக் கொத்தமல்லியை வைத்து, "எடுத்துக்க பாப்பா" என்பாள். கொளஞ்சி பாம்டாப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டான். இளமதி ஓடிப்போய் வண்டியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, போவாதீங்க. மாரியம்மா சரியாத்தான் குடுக்குது. நான்தான் உங்ககிட்ட ஜாஸ்தியா சொன்னேன்."

கொளஞ்சி திரும்பிப் பார்த்தான். "எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எதுக்குன்னு காரணம் கேக்குறன்."

எதிர்வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்ற பெண் உள்ளே போகாமல் நின்றாள். கொளஞ்சி வண்டியைத் திரும்ப நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தான். இளமதி நாற்காலி போட்டு ஏறி, குண்டானை இறக்கி அவன் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். எம்.சி.ஏ. என்றாள். கடைசித் தேதி சொன்னாள். போன பேப்பரையும், அது மறுபடி போய்விடுமோ என்ற பயத்தையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் குறைந்து, மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

அவன் குண்டானைப் பார்த்தான். பாம்டாப்பைப் பார்த்தான்.

"அப்ப ஒரு மாசத்து டேட்டாவும் தப்பு."

"காய்கறி மட்டும்தான் மாமா."

"ஒண்ணு தப்புன்னா டோட்டல் தப்புதானடி. லேப்ல இத நான் பண்ணியிருந்தா வெளிய அனுப்பியிருப்பான்." அவனுக்கு நிஜமாகவே கோபம். "தக்காளி உண்மையில எவ்ளோ?"

"எட்டு."

"எட்டா? கம்பெனி பஸ்ல ஒருத்தன் எட்டுன்னான். பதினொண்ணுன்னு அவங்கூட சண்ட போட்டண்டி, உன்ன நம்பி. பண்ருட்டி வரைக்கும் அவன் சொந்தக்காரன் எல்லாம் காய் வியாபாரம். என்னப் பாத்து சிரிச்சான்."

இப்போது இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். அடங்கவில்லை. அவன் முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தவன் உதடும் கோணிக்கொண்டது.

"சரி, இந்தக் குண்டான் காச அதுல எதுல போடுவ? அதுக்கு எடம் இருக்குதா?"

அவள் குச்சியை அவன் கையிலிருந்து வாங்கினாள். பை, இன்னொரு பை, டிரான்ஸ்ஃபர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"இது நல்லாருக்கே. மத்த ரெண்டுலயும் இது கெடயாதா?"

"கெடயாது."

"அப்ப இனிமே இந்தப் பையில எவ்ளோ வேணும்னாலும் போட்டுக்க. வெலய மட்டும் கெடுக்காத. திங்கக்கிழம போயி அப்ளிகேஷன் வாங்கிடு."

"ஃபெயிலாயிட்டா?"

"ஆனா ஆவுது. அதுக்கும் ஒரு தலைப்பு போட்டுக்கலாம். இதுலதான் நாமளே வச்சிக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரன் போன் செய்தபோது இளமதி தயாராக இருந்தாள். மூன்றாவது, என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னாள். தலைப்பு, வரம்பு, வட்டம், பைக்குப் பை மாற்றுவது. நடுவில் மூச்சு விடவில்லை. அண்ணன் மறுமுனையில் உம், உம் என்றான்.

"சரி பாப்பா, புரியுது. கட்டிடறேன். மெஷின்ல யாரு பேரு இருக்குது? அந்தப் பேருக்குத்தான் கோடு நம்பர் குடுப்பான், அதப் போட்டாதான் தெறக்கும். வேற பேரா இருந்தா ஓடாது."

"அவரு பேருதான்" என்றாள் இளமதி.

கொளஞ்சி கையை நீட்டிப் போனை வாங்கினான். "மச்சான், மதின்னு போட்டு வாங்குங்க. பேர நாங்க மாத்திக்கிறோம்."

அன்று சாயங்காலம் இரண்டுபேருமாகச் சபேசன் கடைக்குப் போனார்கள். சபேசன் பாம்டாப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பேர மாத்துனா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து ஏத்தணும்க்கா. போட்ட கணக்கு எல்லாம் போயிடும். ஒரு மாசம் போட்டிருக்கீங்க போலருக்கே."

"போவட்டும்" என்றான் கொளஞ்சி. "அது எப்படியும் ஒதவாத கணக்கு."

திரை ஒருமுறை வெளுத்து, சும்மா இருந்துவிட்டு, பெயர் கேட்டது. விசைப்பலகை பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் இளமதி குச்சியால்தான் எழுதினாள். முதல் எழுத்து அவளுக்கு எப்போதும் சரியாக விழாது, வேறு எழுத்தாகிவிடும். இரண்டுமுறை அழித்தாள். மூன்றாவது தடவை விழுந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நீளமான எண்ணையும் போட்டாள். மென்பொருள் திறந்து, ஒரு செலவும் இல்லாமல், வெள்ளையாக நின்றது.

"எவ்ளோடா?" என்று கேட்டாள்.

"இருவது ரூவாக்கா."

கொளஞ்சி குச்சியை எடுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். "எவ்ளோன்னு போடட்டும்?"

"இருவதுதான் மாமா. அவன் எதிர்க்கவே இருக்கான், வேணும்னா கேட்டுக்குங்க."