பத்து நிமிஷம் பொறுக்காதவர்

வைதேகி மேடம் போய்விட்டார் என்ற செய்தி நம் சர்க்கரை நோய்க் குழந்தைகளின் பெற்றோர் குழு வாட்ஸ்அப்பில் காலையில் வந்தபோது, நான் மகளுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது அழுகை அல்ல. இனி மாதக் கூட்டத்தில் திட்ட ஆளில்லை என்ற நிம்மதிதான். திட்டு வாங்கிய உங்களுக்கு இது புரியும்.

மயிலாப்பூரில் மேடம் நம் கூட்டத்தை நடத்தும் பள்ளிக்கூட அறைக்கு நான் முதலில் வந்தபோது, ஏழு வயது மகளுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய் என்று தெரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. என்ன பாவம் செய்தேனோ என்று அழுதேன். "அழுதுண்டே இருங்கோ. உங்க பாவமா வந்து ஊசி போடப்போறது?" என்றார் மேடம். அவர் மகன் கார்த்திக்குக்கும் மூன்று வயதிலிருந்து இதே நோய்தான்.

பிறகு தி. நகரில் ஓர் உறவினர் கல்யாணம். மகளுக்கு ஊசி போட்டுவிட்டேன். போட்டால் உடனே சாப்பிட வேண்டும். பந்தியில் இடமில்லை. பெரியவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். சர்க்கரை இறங்கி, பட்டுப் பாவாடையோடு குழந்தை தரையில் விழுந்தாள். அடுத்த கூட்டத்தில் மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"நன்னா பாத்துக்கோங்கோ. நாலு பேர் என்ன நினைப்பாளோன்னு பொண்ணைக் கொல்லப் பார்த்தவா இவா."

மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதை நான் மன்னிக்கவே இல்லை.

மேடம் போன அன்று அவர் வீட்டில் நாம் இருபது பேர் இருந்தோம். கொள்ளி வைக்க வேண்டியவன் சாப்பிடக் கூடாது என்று கார்த்திக் பட்டினி. ஊசி மட்டும் போட்டிருந்தான். ஈர வேட்டியோடு நின்றவனுக்கு முகமெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. அது என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். நம் எல்லோர் பையிலும் ஜூஸ் இருந்தது. சாவு வீட்டில் எப்படி நீட்டுவது என்று நின்றோம்.

"இன்னும் பத்து நிமிஷம்தானே, பொறுத்துப்பான்" என்றார் மேடத்தின் தங்கை.

நான் அவனை அம்மாவின் தலைமாட்டிலேயே உட்காரவைத்து மாம்பழ ஜூஸைக் குடிக்கவைத்தேன்.

"பெத்தவ கிடக்கறச்சே தொண்டையில எறங்கறதாடா?" என்று தங்கை அழுதார்.

"உங்க அக்காவோட இவனையும் சேர்த்துத் தூக்கணுமா?" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்காவைப் பறிகொடுத்தவரிடம் பேசும் பேச்சா அது? இல்லை. இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்கப்போவதும் இல்லை. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாக்குதான். என் நல்ல பெயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.