மாமி வீட்டு ஆட்டிறைச்சி

வெள்ளிக்கிழமைகளில், கனடாவில் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ற் கதவு திறந்ததுமே கத்தரிக்காய் பொரியும் மணம் முகத்தில் வந்து மோதும். அன்றைக்கென்று அம்மா ஒரு சின்னச் சட்டியைத் தனியாக வைத்திருந்தார். மீனோ முட்டையோ பட்டறியாத அந்த "மரக்கறிச் சட்டி"யை, இறைச்சி காய்ச்சும் "மச்சச் சட்டி"களோடு சேர்த்துக் கழுவவும் விடமாட்டார்.

அம்மா சைவக் குடும்பத்துப் பெண். அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து, பெயரை மாற்றி, பொட்டை விட்டு, தேவாரம் பாடிய வாயால் பாமாலை பாடப் பழகியவர். வெள்ளிக்கிழமை மட்டும் மச்சம் வேண்டாம் என்று கேட்டாராம்; அதில் ஒருவரும் தலையிடமாட்டார்கள் என்று அப்பா வாக்குக் கொடுத்தாராம். அவ்வளவையும் கொடுத்தவருக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள்தான்.

அதுவும் அப்பாவின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உள்ளுக்குள்ள இன்னும் சைவம்தான்" என்று மாமி சபை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் சபை உருவாகக் காரணமான, குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த அந்தக் காலத்து ஆங்கிலேயப் பாதிரியார் சில வருடங்கள் இறைச்சியே தொடாமல் இருந்தவர் என்று ஞாயிறு பள்ளி ஆசிரியை சொன்னார். பிறகு அவர் மறுபடியும் இறைச்சி சாப்பிட்டார் என்றும் சொன்னார்தான். அது யாருக்கு வேண்டும்? என் அம்மாவுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார் என்ற சந்தோசத்தில் நான் துள்ளினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்ததும் சாப்பாடு. எல்லாரும் பார்த்திருக்க, மாமி ஆட்டிறைச்சிக் கறியோடு நேரே அம்மாவிடம் வந்தார். அம்மா தட்டைக் கையால் மறைத்தார். நான் எழும்பி நின்று, எங்கள் பாதிரியாரும் இறைச்சி சாப்பிடாமல் இருந்தவர்தானே என்று உரத்துச் சொன்னேன்.

மாமி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவர் விட்டது கர்த்தருக்காக. கொம்மா விடுறது ஆருக்காக?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் தட்டைப் பார்த்தார். அம்மா கையை எடுத்தார்.

"போடுங்கோ மச்சாள்."

அடுத்த வெள்ளி எங்கள் வீட்டில் கோழிக்கறி. பிறகு எல்லா நாளும் ஒரே நாள்தான்.

போன மாதம் பிக்கரிங்கில் மாமியின் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அன்றும் வெள்ளிக்கிழமை. மாமியின் பேத்தி இப்போது "வீகன்"; இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் தொடமாட்டாள். அவளுக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, தனி அடுப்பு. அவளுக்குக் கத்தரிக்காய்ப் பொரியலைத் தன் கையால் பரிமாறிய மாமி, எங்கள் பாதிரியாரும் மரக்கறி சாப்பிட்டவர்தான் என்று எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னார். அப்பா இப்போது உயிரோடில்லை, இருந்திருந்தாலும் தட்டைத்தான் பார்த்திருப்பார்.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. கத்தரிக்காயில் கொஞ்சம் எடுத்து அம்மாவின் பக்கம் நீட்டினாள். அம்மா, முன்பு செய்ததுபோலவே, தட்டைக் கையால் மறைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. எனக்கு இறைச்சி போதும்."