கோட்டைக்கு வழி சொன்ன புத்தகம்

மண்டைக்காடு புதூர் யேசுதாசன் கெட்டிக்காரர்தான். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தே தங்கைமார் இருவரையும் கரையேற்றினார், வீட்டுக்கு மாடியும் எடுத்தார். ஆனால் பெற்ற மகனிடம் பேசத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பையன் ஒட்டத் தொடங்கும் நேரத்தில் விமானம் ஏறிவிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். மனைவி குளோரி ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்து மகன் சுஜினிடம் கொடுப்பாள். சாப்பிட்டாயா, படிக்கிறாயா என்று இவர் கேட்பார். அவன் ஒரு வார்த்தையில் பதில் சொல்வான். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். போனை வைத்துவிட்டு யேசுதாசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

2007இல் லீவுக்கு வந்தபோது டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு பிளேஸ்டேஷனும் ஒரு கேம் சிடியும் கொண்டுவந்தார். அவர் திரும்பிப் போன பிறகுதான் பையனுக்கு வாய் திறந்தது. பாழடைந்த கோட்டைக்குள் ஒருவன் தன் தம்பியைத் தேடிப் போகிற விளையாட்டு அது. பாலம் உடைகிறது, வாசல் திறக்கவில்லை, காவல்காரன் பின்னாலிருந்து வெட்டுகிறான் என்று வெள்ளிதோறும் சுஜின் மூச்சு விடாமல் சொல்வான். யேசுதாசனுக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாயா, இந்தக் கல்லைத் தள்ளிப் பார்த்தாயா என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஒருதடவை அவர் சொன்னபடி செய்ததில் வாசலே திறந்துவிட்டது. அடுத்த வெள்ளி பையன் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அப்பா, தொறந்துட்டுப்பா."

அன்று ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் இவர் டீ வாங்கிக் கொடுத்தார். வேலையில் ஏணிமேல் நிற்கும்போதும் அந்தக் கோட்டைதான் நினைப்பு. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மேல் கோபுரத்துக்குப் போகும் வழி மட்டும் பிடிபடவில்லை. வாரக்கணக்காக இருவரும் முட்டி மோதினார்கள். ஒரு வெள்ளி பையனின் குரல் கம்மிவிட்டது, அழாத குறை. இவருக்குத் தாங்கவில்லை. கல்ஃப்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் யாருக்கு என்ன குறை என்றாலும் அதைக் கடையில் வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். இவர் மட்டும் என்ன விதிவிலக்கா? நேராகக் கேம் விற்கும் கடைக்குப் போனார். அங்கே வேலைக்கு நின்ற செல்வதாஸ் மார்த்தாண்டத்துப் பையன். அந்த விளையாட்டுக்கென்றே ஒரு புத்தகம் இருப்பதை எடுத்துக் காட்டினான். முதல் வாசலிலிருந்து கடைசிக் கோபுரம் வரை எல்லா வழியும் படத்தோடு இருந்தது. விற்க நிற்கிறவன் சொல்லக்கூடாததையும் சொன்னான்.

"அண்ணே, சீக்கிரம் முடிக்கணும்னா வாங்குங்க. பய வெளையாடட்டும்னு நெனச்சா வேண்டாம்."

முடிக்க ஆசையில்லாமல் எவனாவது விளையாடுவானா என்று யேசுதாசனுக்குச் சிரிப்பு வந்தது. வாங்கி, ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். புத்தகம் போய்ச் சேர்ந்த வாரம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை, குளோரி பேசத் தொடங்கும் முன்பே மகனிடம் கொடு என்றார்.

"முடிச்சாச்சுப்பா. சூப்பர் புக்கு," என்றான் சுஜின்.

கோபுரத்தில் என்ன இருந்தது, தம்பி கிடைத்தானா என்று ஆவலாகக் கேட்டார். கிடைத்தான் என்றான். அப்புறம் என்றதற்கு, அப்புறம் ஒன்றுமில்லை, திரையில் பேரெல்லாம் ஓடி முடிந்துவிட்டது என்றான். இவர் பழையபடி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

சில வாரங்கள் அப்படியே போயின. பொறுக்க முடியாமல் மறுபடி செல்வதாஸிடம் போய், இருப்பதிலேயே கஷ்டமான விளையாட்டாக ஒன்று கேட்டு வாங்கி அனுப்பினார். அது பையன் கையில் கிடைத்ததும் போனில் அவனை அழைத்தார்.

"எங்கயாவது மாட்டிக்கிட்டா அப்பாட்ட சொல்லணும், கேட்டியா மக்கா?"

"எதுக்குப்பா? இதுக்கும் புக்கு இருக்கும்லா. அத வாங்கி அனுப்புங்க, போதும்."

சொல்லிவிட்டு அவன் போனை அம்மாவிடம் கொடுத்தான். குளோரி ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யேசுதாசன் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.