பிளேன்ரீயில் நனைத்த பிஸ்கட்

ஹெந்தளையில் ஒரு கைக்குழந்தைக்கு ஒரு கரண்டி யோகட் கொடுத்த கையோடு முகம் ஊதிப்போய், ஆஸ்பத்திரி வாசலைக் காணுமுன் மூச்சு நின்றுவிட்டதாம். மீன்காரன் கிளறன்ஸ் சொன்னான். அவனுக்கு அவனுடைய மச்சாள் சொன்னாளாம். மச்சாளுக்கு யாரோ பஸ்ஸில் சொன்னார்களாம்.

"பாலுக்குச் செத்த பிள்ளையை நான் கண்டதில்லை, கிளறன்ஸ்," என்றாள் மேபல். "பாலில்லாமல் வாடின பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறன். நீ மீனை ஒழுங்கா வெட்டு."

மீனை வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் மேபல் அன்ரியைத் தெரியாத தாய்மார் இல்லை. ஒரு காலத்தில் கோட்டையில் கப்பல் கொம்பனி ஒன்றில் டெலிபோன் ஒப்பரேற்றராக இருந்தாள். கொம்பனி மூடியது, அடுத்த வருடமே புருஷனும் போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குப் போக, அவளுடைய குழந்தையை ஒரு கிழமைக்கு என்று பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு கிழமை இருபத்திரண்டு வருடமாக இன்னும் முடியவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் அவள் மடியில் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பிள்ளை தூங்கினால் அன்ரியும் தூங்கலாம் என்று தாய்மார் நினைப்பார்கள். பிள்ளை தூங்கும்போதுதான் நாப்கின் கழுவ வேண்டும், சோறு குழைய வைக்க வேண்டும், போத்தல் அவிக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் மேபலுக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஒரு பகல் முழுக்கக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்திரண்டாவது பிள்ளை யோசெப்பின். ஏழு மாதம். தாய் ஐறீன் வங்கியில் வேலை, தகப்பன் கப்பலில். ஆறு மாதம் முடிந்து சோறும் பூசணிக்காயும் கரட்டும் ஒவ்வொன்றாகப் பழக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐறீன் வீட்டில் அரைக் கரண்டி யோகட் கொடுத்திருக்கிறாள். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றி நுளம்பு கடித்ததுபோல் தடித்து, ஒரு கண் மூடிக்கொண்டு, குடித்த தாய்ப்பாலெல்லாம் சத்தி. பிள்ளைக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது என்றார் டொக்டர். அடுத்த முறை இதைவிடக் கடுமையாகவும் வரலாம் என்றார்.

ஐறீன் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேபலின் பிரிட்ஜில் ஒட்டினாள். பால், பால்மா, யோகட், பட்டர், சீஸ் எதுவும் கூடாது. புதுச் சாப்பாடு என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் காலையில், கொஞ்சமாக. தோல் தடித்தால் இந்த மருந்து. உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், பிள்ளை துவண்டால், மருந்தோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரி. அடியில் தன் நம்பர். அவசரத்துக்கு என்று எதிர்வீட்டு நஸீறாவின் நம்பரையும் தன் போனில் பதிந்துகொண்டாள். தாளின் கடைசி வரி: பைக்கற்றில் எழுதியிருப்பதை வாசிக்கவும்.

கிளறன்ஸின் கதையைக் கேட்டுச் சிரித்தவள், தாளுக்குக் கட்டுப்பட்டாள். பிள்ளை பாயும்போது கோப்பை தட்டுப்படக்கூடும் என்று, நாற்பது வருடமாகக் குடித்த பால் தேத்தண்ணியையே விட்டுவிட்டுப் பிளேன்ரீக்கு மாறினாள். அந்தக் கடைசி வரி மட்டும் அவளுக்கல்ல என்று நினைத்தாள். அவள் வீட்டில் ஏது பைக்கற்? அரிசியும் மரக்கறியும்தானே.

அந்த வியாழக்கிழமை யோசெப்பினுக்குப் பல் முளைக்கிற அழுகை. மத்தியானத்திலிருந்து தோளை விட்டு இறங்கவில்லை. நாலு மணிக்கு நஸீறா நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை கையை நீட்ட, மேபல் ஒரு விரலில் தொட்டு நக்கக் கொடுத்தாள். பிறகும் அழுகை. தகர ரின்னைத் திறந்து ஒரு மாரி பிஸ்கட்டை எடுத்துத் தன் பிளேன்ரீயில் நனைத்துச் சப்பக் கொடுத்தாள். பல் முளைக்கிற பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனையில் இதைக் கொடுக்காத வீடு உண்டா? அது சாப்பாட்டுக் கணக்கே இல்லை. அழுகை நின்றது. மேபலும் கதிரையில் சாய்ந்து ஒரு கணம் கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது பிள்ளையின் கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. மேலெல்லாம் சத்தி. மேபல் தாளைப் பார்த்தாள். மருந்தை அளந்து கொடுத்தாள். உதட்டைப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்து மூச்சைக் கேட்டாள். ஐறீனுக்குப் போன் பண்ணினாள். ஐறீன் திறீவீலரில் வந்து சேர்ந்தபோது தடிப்பு வற்றத் தொடங்கியிருந்தது.

"என்ன குடுத்தனீங்கள் அன்ரி?"

"கஞ்சி. ஒரே ஒரு விரல், ஐறீன். பிள்ளை கை நீட்டினா, மனம் கேக்கேல்லை."

"எவ்வளவு சொன்னனான்!" ஐறீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்க்கதவைத் தட்டினாள். "என்ன போட்டீங்க கஞ்சிக்கு? நெய்யா, பட்டரா?"

"ஒண்டும் இல்ல மகள். அரிசி, தேங்காப்பால், இஞ்சி, கொஞ்சம் கோழி. நோன்போட பொய் செல்லுவனா?"

"பிள்ளையின்ர கழுத்தைப் பாருங்க, பிறகு சொல்லுங்க."

நஸீறா பார்த்தாள். கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமை கஞ்சி வரவில்லை. கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. அதற்குள் என்ன வைத்துக் கொடுப்பதென்று தெரியாமல், கழுவிய கோப்பை மேபலின் மேசையிலேயே இருந்தது.

வெள்ளி பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஐறீன், "நாளைக்கு வெள்ளவத்தையில அண்ணா வீட்ட நிற்பம் அன்ரி. அங்கையும் பல்லுக்கு அழுவா," என்றாள். கோபம் ஆறியிருந்தது. அந்த ஆறுதலில் மேபல் ரின்னில் மிச்சமிருந்த நாலு பிஸ்கட்டையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அவளுடைய கைப்பைக்குள் வைத்தாள். "தேத்தண்ணியில நனைச்சுக் குடும். என்ர எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான்."

சனிக்கிழமை காலை, வெறும் ரின்னை நிரப்ப ஒரு புதுப் பைக்கற்றை எடுத்தாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. ஏனோ பின்பக்கத்தைத் திருப்பினாள். கோதுமை மா, சீனி, எண்ணெய், பால்மா.

இன்னொருமுறை வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

போனை எடுத்தால் அதில் காசில்லை. ரீலோட் போடுவதற்கு மூன்று மாடி இறங்கிச் சந்திவரை போக வேண்டும். பைக்கற்றைக் கையில் பிடித்தபடியே எதிர்க்கதவைத் தட்டினாள்.

நஸீறா கதவைப் பாதிதான் திறந்தாள். "இன்டைக்கு என்ன செஞ்சிட்டன், மேபலக்கா?"

"நீங்க ஒண்டும் செய்யேல்லை. நான்தான்." பைக்கற்றை நீட்டினாள். "இதைத்தான் அண்டைக்கு நனைச்சுக் குடுத்தனான். இதுக்குள்ள பால்மா. நேற்றும் ஐறீனின்ர பேக்குக்குள்ள என்ர கையாலேயே வச்சு விட்டனான்."

நஸீறா வாசித்தாள். மேபல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் வளர்த்த கை இது என்று இனி யார் நம்பிப் பிள்ளையைத் தருவார்கள்? பிறகு, அதை நினைக்கிற நேரமா இது என்றும் தோன்றியது.

"எனக்கிட்ட செல்லி என்ன? புள்ளட உம்மாக்குச் செல்லுங்க." நஸீறா தன் போனை அவள் கையில் திணித்தாள்.

தாளில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான ஐறீனின் நம்பரை மேபல் அடித்தாள். மணி போனது. முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தாள். இந்த முறை இரண்டாம் மணியிலேயே வெட்டுப்பட்டது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஐறீனின் போனில் விழுவது நஸீறாவின் பெயர்.

"என்ட பேரக் கண்டா எடுக்க மாட்டா," என்றாள் நஸீறா. முக்காட்டை இழுத்துவிட்டு மேபலின் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதினாள். "நான் கீழ போய் உங்கட போனுக்குச் சல்லி போட்டுட்டு வாரன். அதுவரைக்கும் நீங்க இதில அடிச்சிட்டே ஈங்க."

"நோன்போட இந்தப் படியெல்லாம் எப்படி..."

"உங்கட முழங்காலோட நீங்க இறங்கி ஏறுறதுக்குள்ள நோன்பு தொறக்கிற மஃரிபாகிரும். அடிங்க."

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கிப்போனது. மேபல் நஸீறாவின் கதிரையில் உட்கார்ந்தாள். பத்தேகால். வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பிள்ளைக்கு அழுகிற நேரம். யாரோ தேத்தண்ணி ஊற்றுவார்கள்.

மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.