போதகர் ஐயா சொன்ன பொய்

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், ஞாயிறு மாலைகளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடத்துத் தரையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போதகர் ஐயா திரையில் வருவார். கறுப்பு வெள்ளையிலும் அவர் நெற்றி வியர்வை தெரியும். குதிரைப் பந்தயத்துக்குப் போகும் சபை மூப்பர்களையும், பண்டிகைக்கு மட்டும் வேதாகமத்தைத் தூசி தட்டுகிறவர்களையும் பேர் சொல்லாமல் வாங்கு வாங்கென்று வாங்குவார். தங்கள் முறை வரும்வரை சனங்களுக்கு அது பிடித்திருந்தது. மறுநாளே சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் சபை அலுவலகத்துக்குக் கண்டனக் கடிதங்கள் வரும். பதில்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. "திட்டுறவங்கதாம்மா நல்லா கவனிச்சுக் கேட்டிருக்காங்க" என்று ஐயா சிரிப்பார்.

ஒருநாள் வேலைக்கு நடுவில் அழுதுவிட்டேன். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களை, சபை மூப்பரான அப்பா திருப்பி அனுப்பியிருந்தார். பையன் துறைமுகத்தில் குமாஸ்தா, எங்கள் சபைதான், அக்காவுக்கும் பிடித்தவன். சாதிதான் தடை. எல்லாவற்றையும் ஐயாவிடம் கொட்டினேன்.

அந்த ஞாயிறு அவர் திரையில் சொன்னார்: "இதே ஊர்ல ஒரு மூப்பர் வீடு. ஜெபம் பண்ணிட்டு உக்காந்து, மாப்பிள்ளை என்ன சாதின்னு கேட்டிருக்காங்க." கூடத்திலிருந்த தலைகள் எல்லாம் அப்பா பக்கம் திரும்பின. அப்பா எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தார்.

சபைக் கமிட்டி கூடியது. அப்பாவும் அதில் ஒருவர். "யார் சொன்னாங்கன்னு பேரைச் சொல்லுங்க ஐயா, நிகழ்ச்சிய நீங்களே தொடர்ந்து நடத்துங்க" என்றார் தலைவர். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னிடமும் கேட்டார்: "நீதானேம்மா எல்லாம் டைப் அடிக்கிறே, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "தெரியாதுங்க" என்றேன்.

ஐயா என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு, "அப்படி ஒரு வீடே இல்லீங்க. நானாக் கட்டிவிட்ட கதை" என்றார். பிரதமரே எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். அந்தப் பொய்யை வரி பிசகாமல் குறிப்பேட்டில் எழுதியவள் நான். அடுத்த ஞாயிறு திரையில் வேறொருவர் வந்தார். அக்காவுக்கு அப்பா பார்த்த இடத்திலேயே கல்யாணம் நடந்தது.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இனி நான் பயப்பட யாருமில்லை. ஆனாலும் போன மாதம் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பழைய ஆள் ஒருவர் என்னிடமே கேட்டார்: "டிவில பொய் சொல்லி மாட்டினாரே ஒரு போதகர், நீங்க அப்ப ஆபீஸ்ல இருந்தீங்கல்ல, நெசமா அது?"

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "ரொம்ப நாளாச்சு லா, ஞாபகமில்ல" என்றேன்.