மூன்றில் ஒன்று புதிது

தஞ்சையில் எங்கள் கல்லூரி வடிவமைத்த சிறு செயற்கைக்கோளை ஆய்ந்து ஒப்புதல் அளிக்க விண்வெளி ஆய்வு மையத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். நரைத்த தலை, கைத்தறிச் சேலை. எதையும் மறுக்குமுன் ஒரு மிடறு நீர் அருந்துவார். கடைமடை வயல்களின் நீரைக் காணும் உணரி, மின்கலம், கணினி மூன்றையும் புதிய தொழில்நுட்பத்தில் அமைத்திருந்தோம். அவர் நீர் அருந்தினார்.

"மூணும் புதுசுன்னா செலவும் ஏறுதுங்க. மேல போய் நின்னுபோச்சுன்னா எதுனாலன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நிக்கும்னே முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்றேன் சினந்து.

"ஐயா, சென்சார் மட்டும் புதுசா இருக்கட்டும். மத்த ரெண்டும் பழசே போதுங்க."

வேறு வழியின்றி இசைந்தோம். விண்ணில் அந்த உணரியே பழுதுற்றது. பழைய கணினியும் மின்கலமும் தொடர்ந்து இயங்கித் தகவல் அனுப்பியதால் காரணம் விளங்கிற்று. அடுத்த செயற்கைக்கோளில் திருத்தினோம், அது செவ்வனே இயங்குகிறது. இத்தனை நன்றிக்கும் உரியவரை அன்று வழியனுப்பக்கூட நான் எழுந்திருக்கவில்லை.